நாலாம் நம்பர் வண்டியின் கட்டு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அழுக்கைக் கண்டால் அது இரண்டு மடங்காகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள் நான். வெள்ளைத் துணியில் ஒரு தூசி இருந்தாலும் அந்த ரோலை ஓரமாகத் தூக்கிப் போடச் சொல்லியே பழகிய கண். அந்தக் கண்ணோடு ஒரு பஸ் ஷெட்டுக்கு வேலைக்குப் போனால் என்ன ஆகும்? ஆனது.

அது ஒரு தனியார் பஸ் கம்பெனி. ஒன்பது வண்டிகள். எட்டு ஓடும், ஒன்று ஸ்பேர். எந்த வண்டி எந்த ரூட்டில் போவது, யார் டிரைவர், எது எப்போது சர்வீசுக்கு நிற்பது என்று தினமும் அட்டவணை போடுவது என் வேலை. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஓயாமல் ஓடும் வண்டிகள் சில. மில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றுபவை சில. கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு வழியாக மகாராஜபுரம் வரை போய் வரும் வண்டி ஒன்று.

சேர்ந்த புதிதில் நான் போட்ட ஆட்டம் கொஞ்சமா? ஐந்து நிமிடத்துக்கு மேல் எங்கே நின்றாலும் இன்ஜினை நிறுத்த வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி எல்லா டிரைவர் சீட்டுக்கு முன்னாலும் ஒட்டினேன். டீசலை இப்படிக் குடித்தால் எப்படி என்று கத்தினேன். வண்டிக் குறைகளை எழுதும் நோட்டைத் திறந்தால் எல்லாப் பக்கத்திலும் "குறை இல்லை" என்றே இருக்கும். அடேங்கப்பா, இந்தப் பழைய வண்டிகளை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களே என்று மெக்கானிக்கை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது!

மெக்கானிக் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். என்னை அக்கா என்பான். மனிதர்களிடம் அளந்துதான் பேசுவான். வண்டியிடம் மட்டும் ஓயாமல் பேசுவான், அதுவும் தெலுங்கில். இன்ஜின் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு "ரா... ரா..." என்று கெஞ்சுவது அலுவலகம் வரை கேட்கும். எண்ணெய் துடைக்க அவனுக்குப் பேண்டேஜ் கம்பெனிகளிலிருந்து கழிவுத் துணி மூட்டையாக வரும். அந்தத் துணிதான் எனக்குக் கண்ணை உறுத்தியது. ஒரு வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஒரு கிழிசல், இன்னொன்றின் கியர் ராடில் ஒரு கிழிசல், வேறொன்றின் கதவுக் கைப்பிடியில் ஒன்று. கை துடைத்துவிட்டு அப்படியே சுற்றிவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்தான் எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே.

மகாராஜபுரம் வண்டியைப் பற்றி மட்டும் முதல் வாரத்திலேயே எனக்குப் பாடம் கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை டிரைவர் குறைவு என்று அந்தக் காலை டிரிப்பை ரத்து செய்யப் பார்த்தேன். கண்டக்டர் பேப்பரைப் பிடித்துக்கொண்டார். வேறு எதை வேண்டுமானாலும் நிறுத்துங்கள், செவ்வாயும் வெள்ளியும் அது மட்டும் போயே ஆக வேண்டும் என்றார். அந்த ஊரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் எட்டு மணிக்கு எங்கள் வண்டியில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஒன்பதரைக்கு ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். அவருக்காக முன் சீட்டில் கண்டக்டர் தன் பையைப் போட்டு வைத்திருப்பார். அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்களாம், நின்றுகொண்டு வருபவர்கள்கூட.

அந்த வருடம் ஆயுத பூஜை திங்கள்கிழமை வந்தது. மெக்கானிக் வண்டிகளையெல்லாம் பார்த்து வைத்துவிட்டு முந்தின நாளே தென்காசிப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். நான் விடுவேனா? காலையிலேயே வாளியும் துடைப்பமுமாக இறங்கினேன். ஒன்பது வண்டியும் குளித்தன. சந்தனம், குங்குமம், மாவிலை, செவ்வந்தி மாலை. நல்ல நாளும் அதுவுமாக, காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி அழுக்குத் துணி தொங்கினால் பார்க்க நன்றாகவா இருக்கும்? என் கையாலேயே ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். சில முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். எல்லாவற்றையும் குப்பையோடு கொளுத்திவிட்டு, துணி இருந்த இடத்திலெல்லாம் பூச்சரம் சுற்றினேன். டிரைவர்கள் வந்து எலுமிச்சம்பழத்தில் சக்கரத்தை ஏற்றி, பொரிகடலை வாங்கிக்கொண்டு போனார்கள். வண்டியெல்லாம் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் செவ்வாய். விஜயதசமி. மகாராஜபுரம் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது. ஸ்பேர் வண்டி வேறு ரூட்டில் போய்விட்டது. மில்களுக்கு விடுமுறை என்பதால் நாலாம் நம்பர் வண்டி சும்மா நின்றது, அதன் டிரைவரும் லீவு. நோட்டைப் பார்த்தேன். குறை இல்லை. நாலாம் நம்பரை மகாராஜபுரம் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். எங்கள் ஷெட் சரிவில் இருக்கிறது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று, இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைத் தொடாமல் உருட்டித்தான் எல்லோரும் இன்ஜினை எடுப்பார்கள். அன்றைக்கும் அப்படியே எடுத்தார். பூமாலை ஆட ஆட வண்டி போனதைப் பார்த்து, ஒரு டிரிப்கூட ரத்தாகாமல் அட்டவணை போட்டுவிட்டேன் என்று பெருமையாக டீ குடித்தேன்.

எட்டே கால் இருக்கும். டிரைவர் போன் செய்தார். ஐம்பது வயதுக்காரர், சொன்ன சொல் தட்டாதவர். மகாராஜபுரத்தில் பதினைந்து நிமிடம் நிற்கும் நேரம் என்பதால், நான் ஒட்டிய பேப்பரைப் பார்த்து இன்ஜினை நிறுத்தியிருக்கிறார். திரும்ப எடுத்தால் செல்ஃப் வேலை செய்யவில்லை. இரவெல்லாம் மழை. வண்டி திரும்பும் இடம் ஈரமண். ஜனங்கள் இறங்கித் தள்ளியதில் பின் சக்கரம் இன்னும் புதைந்துவிட்டது. இதையெல்லாம் பதற்றமில்லாமல் சொன்னவர், கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், மிலிட்டரிக்காரர் உள்ளதான் இருக்காரு. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. பேசுனா மூச்சு வாங்குது."

பேத்தியின் காதுகுத்துக்காக அவர் வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகவில்லை என்று கண்டக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு முறை விட்டாயிற்று. இன்றைக்கும் விட்டால், அடுத்த வெள்ளி வரை அந்த உடம்பு தாங்காது. ஊரில் இருந்த ஒரே ஆட்டோ விடியற்காலையிலேயே சவாரிக்குப் போய்விட்டது. யாரோ பைக்கில் கூட்டிப் போகிறேன் என்றார்களாம். ஆனால் அவரால் பின்னால் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வர முடியாது. ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டோம், வேறு கேசில் இருக்கிறதாம், வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம் என்றார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். நாலாம் நம்பர் என்றதுமே அவன் குரல் மாறியது.

"அக்கா, அதையா அனுப்புனீங்க? கண்ணாடியில கட்டு போட்டிருந்தேனே, பாக்கலியா?"

"என்னப்பா கட்டு?"

"பேண்டேஜ் துணிக்கா. எங்க கோளாறோ அங்க கட்டுவோம். செல்ஃப் அடியில கெடக்கு, அது எடுக்காதுன்னா வலது கண்ணாடி. நம்ம ஷெட்ல எல்லாருக்கும் தெரியுமே. மோட்டாருக்கு மதுரையில சொல்லியிருக்கேன், நாளைக்கி வந்துரும். அதுவரைக்கும் நிறுத்தாம ஓட்டணும்னுதான் கட்டுனேன்."

எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. பூஜையன்று கட்டைக் காணாத டிரைவர்கள், அவன் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். நோட்டில் எழுதினால் வண்டி நிறுத்தப்படும், டிரைவருக்குத் தன் வண்டி போய் வேறு வண்டி வரும். அதனால் யாரும் எழுதுவதில்லை. துணியைக் கட்டிவிட்டு, ஓடுகிறவரை ஜாக்கிரதையாக ஓட்டி, நேரம் கிடைக்கும்போது சரி செய்துகொள்வார்கள். நான் வருவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். பன்னிரண்டு வருடம் காயத்துக்குக் கட்டும் துணியோடு வாழ்ந்தவள், அது கட்டு என்று தெரியாமல் கொளுத்திவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் அவிழ்த்துவிட்டேன்ப்பா என்று மட்டும் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை, தள்ளுவதை முதலில் நிறுத்தச் சொன்னான். டிராக்டர் கிடைத்தால் முன்னால் கயிறு கட்டி இழுத்து, இரண்டாவது கியரில் கிளட்சை விடச் சொன்னான். எடுத்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்றான். நானே டிரைவரிடம் பேசிக்கொள்கிறேன் அக்கா, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் அவன்தான் சொன்னான்.

ஸ்கூட்டியை எடுத்தேன். அங்கே மகாராஜபுரத்தில் நடந்ததை டிரைவர் பிறகு எனக்குச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் இருந்தது. ஆனால் ஆயுத பூஜையில் வைத்த டிராக்டர். மறுபூஜை போடாமல் அதைத் தொடுவதில்லை, மறுபூஜைக்கு நல்ல நேரம் ஒன்பதரைக்கு மேல்தான். டிராக்டர்காரர் வந்து பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாராம். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தாராம்.

"மனுசன் மூச்சுக்குத் தவிக்காரு, நல்ல நேரத்தப் பாத்துக்கிட்டு நிக்கவா" என்று சொல்லிக்கொண்டே, கற்பூரம்கூடக் கொளுத்தாமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தார். வாழைக்கன்று கட்டிய டிராக்டர் முன்னால், பூமாலை போட்ட பஸ் பின்னால். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. அந்தத் தோட்டக்காரருக்கு அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டாத நாள் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது ஒன்பது இருபது. டயாலிசிஸ் பிரிவில் அரை மணி நேரம் பார்ப்பார்கள், ஆள் வரவில்லை என்றால் அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். அது ஒன்றும் தப்பான வழக்கம் இல்லை, காத்திருப்பவரும் நோயாளிதானே. வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று நர்ஸிடம் கும்பிடாத குறையாகச் சொன்னேன். பத்து மணி ஆயிற்று. வண்டி வரவில்லை. நர்ஸ் பெஞ்சைப் பார்த்தார். அங்கே மத்தியான முறைக்காக முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார் ஒரு அம்மா. கிருஷ்ணன்கோவில் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். இப்போதே போட்டுக்கொண்டால் ஆறு மணிக்குப் பதில் இரண்டு மணிக்கே கடைக்குப் போய்விடலாம் என்று சற்று முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தார். நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். அந்த அம்மா எழுந்தார். என் மூஞ்சியைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார்.

"அவிய வரட்டும். நான் மத்தியானமே போட்டுக்கிடுதேன். செத்த நேரம் இருந்தா என்ன கொறஞ்சா போயிரும்."

நான் அழுதுவிட்டேன். கோபக்காரிகளுக்கு அழுகையும் சட்டென்று வரும்.

பத்தேகாலுக்கு ஹாரன் கேட்டது. நாலாம் நம்பர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நின்றது. உள்ளே இருந்த நாற்பது பேரில் ஒருவரும் எங்களை ஏன் இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்கவில்லை. வழியில் கைகாட்டியவர்களுக்காகக்கூட வண்டி நிற்கவில்லையாம். டிரைவர் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை, கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. கண்டக்டரும் இன்னொருவரும் மிலிட்டரிக்காரரைத் தாங்கி இறக்கினார்கள். இஸ்திரி போட்ட சட்டை. செருப்புக்குள் அடங்காத பாதம். என்னை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை, கம்பெனிக்காரி என்று கண்டக்டர் சொன்னதும் என்னைப் பார்த்துக் கையெடுத்தார்.

"லேட்டாயிட்டு தாயி. மன்னிச்சுக்கிடணும்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரை மெஷினில் படுக்க வைத்து, டியூபில் இரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் கழித்து, மூச்சு சீராகிவிட்டது, தூங்குகிறார் என்றார்கள். அந்தச் செய்தியைச் சொன்ன நர்ஸ் எப்படி இருப்பார் என்று இன்றைக்கும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நெற்றியில் சின்னதாக ஒரு திருநீற்றுக் கீற்று.

மறுநாள் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். கோளாறு உள்ள வண்டி எப்படி வெளியே போனது என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டான். கட்டைச் சரியாக முடிச்சுப் போடவில்லை, அவிழ்ந்து விழுந்திருக்கும், தப்பு என்னுடையது என்றான். முதலாளி அவனைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். அதில் அரை நிமிடம் நான் சும்மா நின்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம். அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. பிறகு, அவன் போட்ட முடிச்சு அவிழவே இல்லை, அதை நான்தான் கத்தரிக்கோலால் வெட்டினேன் என்று சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மோட்டார் வந்தாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நாலாம் நம்பரில் புது மோட்டார் ஏறியது. நான் டிரைவர்களைக் கூப்பிட்டு, கட்டுப் போட்டால் வண்டியையும் பிடுங்க மாட்டேன், யாரையும் திட்டவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் அட்டவணையில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டேன். அதன் தலைப்பு "கட்டு". இன்ஜின் நிறுத்தும் பேப்பரை நானே சுரண்டி எடுத்தேன்.

அதோடு முடிந்ததா? எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை காலை மகாராஜபுரம் வண்டியில் நானும் போனேன். மிலிட்டரிக்காரர் ஏறி தன் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்றுகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன், துணியை, கத்தரிக்கோலை, கொளுத்தியதை, ஒன்று விடாமல். அவர் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெரியும் தாயி. டிரைவர் அன்னைக்கே சொல்லிட்டாப்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா ஐயா என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?"

"நீங்க வந்து வாசல்ல நின்னீங்கள்ல. போன வச்சுட்டு ஆபீஸ்லயே உக்காந்திருக்கலாம், யாரு கேக்கப் போறா?" என்றார். பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து, ஊசி போட்ட இடத்தில் கட்டுவதற்காக வைத்திருந்த பேண்டேஜ் ரோல்களில் பிரிக்காத ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "எங்கிட்ட நெறைய கெடக்கு. வண்டிக்கு வச்சுக்கிடுங்க." உறையைப் பார்த்தேன். நான் முன்னே வேலை பார்த்த கம்பெனியின் ரோல்தான் அது.

ஷெட்டுக்கு வந்து ரோலைப் பிரித்தேன். ஒரு முழம் கிழித்தேன். நாலாம் நம்பருக்கு இப்போது ஒரு கோளாறும் இல்லை. எங்கே கோளாறோ அங்கேதானே கட்ட வேண்டும்? என் நாற்காலிக் கைப்பிடியில் கட்டினேன், இறுக்கமாக, இரண்டு முடிச்சுப் போட்டு. டிரைவர்கள் டிரிப் ஷீட் வாங்க வருவார்கள், அதைப் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஏதாவது புரியாவிட்டால் இப்போதெல்லாம் நான்தான் முதலில் கேட்கிறேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது பொய்.

மிலிட்டரிக்காரர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். டீக்கடை அம்மாவும் அவரும் இப்போது ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து மெஷினில். கிருஷ்ணன்கோவிலில் அந்த அம்மா ஏறுவதற்காக எங்கள் வண்டி ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கும், அதை அட்டவணையில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. இந்த முறை மெக்கானிக் ஊருக்குப் போகவில்லை. வண்டிகளை அவனும் நானும் சேர்ந்து கழுவினோம். இரண்டு வண்டியில் கட்டு இருந்தது, அவிழ்க்காமல் அதன் மேலேயே பூ வைத்தோம். வேலை முடிந்து கை கழுவிவிட்டு அலுவலகத்துக்குள் போனேன். மேஜை, டிரிப் ஷீட், பேனா, டெலிபோன் எல்லாவற்றுக்கும் அவன் பொட்டு வைத்து முடித்திருந்தான். என் நாற்காலிக் கைப்பிடியில் ஒரு வருட அழுக்கேறிய அந்தத் துணி அப்படியே இருந்தது. அதன் முடிச்சின் மேல், ஈரம் காயாமல், ஒரு சந்தனப் பொட்டு.